மணல் பைகளுக்கு நடுவில்

என் தலைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மணல் பை இருந்தது. கோயில் வீதியில் வண்டிலால் பறித்துக் கொட்டிக் கிடந்த வெள்ளை மணலை அள்ளி வந்து, பழைய வேட்டித் துண்டில் நிரப்பி, வாயைச் சணல் கயிற்றால் கட்டியவர் என் கணவர். உள்ளறையில் பாயைப் போட்டு என்னை மல்லாக்கக் கிடத்தினார். பைகளைக் காதோடு ஒட்டி வைத்தார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார்.

"ஆடாதை."

"ஆடேல்லை."

"கதைச்சால் தாடை ஆடுது. தாடை ஆடினால் கண்ணும் ஆடும். டாக்குத்தர் சொன்னதை மறந்துபோனியே?"

வாயை மூடிக்கொண்டேன். உடனே மூக்கு நுனி சொறியச் சொல்லிக் கடித்தது. அதை விட்டேன். இடது குதிக்கால் கடித்தது. அதையும் விட்டேன். அடுப்பில் வைத்த பயறு அடிப்பிடிக்கும் என்று நினைத்தேன். ஆடு கட்டை அவிழ்த்துக்கொண்டு வேலிக் கதியாலைக் கடிக்கும் என்று நினைத்தேன். முதுகுக்குக் கீழே பாயில் ஓர் ஓலை மடிந்து நின்றது. அந்த ஓலை மெல்ல மெல்லப் பெருத்து உலகம் முழுவதும் அந்த ஓலையாகிவிட்டது. எழும்பி உட்கார்ந்தேன்.

"எவ்வளவு?"

"நாலு நிமிஷம்," என்றார். சற்று நின்று, "நாலேகால்," என்று திருத்தினார்.

நான் கிடக்க வேண்டியது பத்து நாள்.

முப்பத்தேழாம் ஆண்டு ஆடி மாதம் அது. என் வலது கண்ணில் விழுந்த புரையை ஆவணியில் வெட்டி எடுப்பதாக மிஷன் ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். வெட்டிய பிறகு இரண்டு கண்ணையும் கட்டிவிடுவார்கள். வெட்டின வாய் பொருந்தும் வரை மல்லாந்தபடி கிடக்க வேண்டும். இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கக்கூடாது, தலையைத் திருப்பக்கூடாது. மூக்குள்ள கோப்பையால் கஞ்சி ஊற்றுவார்கள். அசைந்தால் கண் போய்விடும். எனக்கு ஒரு கண் ஏற்கெனவே அப்படிப் போய்விட்டது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய சித்திரையில் இடது கண்ணை வெட்டினார்கள். மூன்று நாள் எப்படியோ கிடந்தேன். நான்காம் நாள் பின்னேரம் விறாந்தைத் தகரத்தில் மழை விழுந்தது. பத்துத் துளி விழுவதற்குள் எழும்பி, கட்டிலை விட்டு இறங்கி, இரண்டு கண்ணும் கட்டியபடி நாலடி நடந்துவிட்டேன். தாதி யசிந்தா மிஸி ஓடிவந்து பிடித்தபோது கண்ணிலிருந்து சூடாக ஏதோ கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

ஏன் எழும்பினாய் என்று எல்லாரும் கேட்டார்கள்.

"இலை நனையப் போகுது எண்டு நினைச்சிட்டன்," என்று சொன்னேன்.

சண்டிலிப்பாயில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சித்திரையில் எங்கள் ஊரில் எந்த வளவுக்குள் போனாலும் வெட்டிய புகையிலை வெயிலில் விரித்துக் கிடக்கும். அந்த நேரம் ஒரு துளி விழுந்தால், பெற்ற பச்சை உடம்புக்காரியும் எழும்பி ஓடுவாள். அதனால் கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள், பிறகு சிரித்தார்கள். சந்தையிலும் கோயிலிலும் நான் 'மழைக்கு எழும்பின அருமைநாயகி' ஆனேன். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கதை எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பின்னால் நின்றுகொள்ள இடம் இருந்தது.

இந்த முறை நாள் குறிக்கும்போது, "ஆவணியிலை செய்யுங்கோ," என்று நானே கேட்டேன். ஆவணியில் மழை இல்லை. புகையிலையும் இல்லை.

"மழை இல்லாட்டில் வேறை எதுக்கும் எழும்பமாட்டியளோ?" என்று டாக்குத்தர் கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். நான் சீலைத் தலைப்பை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

*

அடுத்த வளவுத் தம்பிஐயா வாத்தியார் என் கணவருக்கு ஒன்றுவிட்ட தமையன். பென்ஷன் எடுத்த பிறகு மனதை அடக்குவதில் இறங்கியிருந்தார். எந்தெந்த ஊர்ச் சாமிமாரோ சொன்னதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, முதலாம் வழி, இரண்டாம் வழி என்று தலைப்பிட்டு, எதிரே தனக்கு எத்தனை நிமிஷம் வாய்த்தது என்றும் குறித்து வைத்திருந்தார். என் கதையைக் கேட்டதும் கொப்பியோடு வந்துவிட்டார்.

"தங்கச்சி, உடம்பு ஆடுறது மனம் ஆடுறதாலை. மனத்தைக் கட்டினால் உடம்பு தானாய் நிக்கும். புதுசாய்த் தொடங்கிறவைக்கு இலேசான வழி சுடர் பாக்கிறது. ஒரு சுடரை இமை வெட்டாமல் பார். வேறை ஒண்டையும் நினையாதை."

குத்துவிளக்கை ஏற்றி என் முன்னால் வைத்தார். நான் சம்மணம் கொட்டி உட்கார்ந்தேன்.

"தெரியுதோ?"

"ஓம் அண்ணை. ஆனால் எந்தச் சுடரைப் பாக்கிறது?"

"ஒரு திரிதானே போட்டனான்!"

"எனக்கு அஞ்சு தெரியுது. ஒண்டைச் சுத்தி வட்டம்வட்டமாய் நிறமும் தெரியுது."

தம்பிஐயா அண்ணை தாள்களைப் புரட்டினார். கொப்பியில் இதற்கு வழி இல்லை. "நடுவிலை நிக்கிறதைப் பார்," என்றார் கடைசியில்.

நடுவில் நின்றதைப் பார்த்தேன். அது பக்கத்தில் நின்றதோடு போய்ச் சேர்ந்தது. பிறகு பிரிந்தது. கண்ணில் நீர் வடிந்தது. என் கணவர் விறாந்தையில் நின்று, "அண்ணை, இருக்கிற கண்ணையும் நீங்கள் அவிச்சுப்போடுவியள்," என்று சத்தம் போட்டார்.

"பஞ்சலிங்கம், நீ போய்த் துலாவை மிதி. உனக்கு விளங்காது."

மறுநாள் இரண்டாம் வழி. மூச்சை எண்ணுவது. உள்ளே போவது ஒன்று, வெளியே வருவது இரண்டு, பத்து வந்ததும் திரும்ப ஒன்று. கண்ணுக்கு வேலையில்லாதபடியால் இது எனக்குப் பிடித்தது. ஆனால் எண்ணத் தொடங்கியதும் மூச்சு என்னுடையதாக இல்லாமல் போய்விட்டது. யாரோ பார்த்துக்கொண்டு நிற்கும்போது நடக்கிறவளைப்போல அது தடுக்கித் தடுக்கிப் போயிற்று. இதற்குள் ஒன்பதில் ஒரு கொட்டாவி வந்தால் அதை எப்படி எண்ணுவது?

"கொட்டாவியை விட்டிடு," என்றார் தம்பிஐயா அண்ணை.

"விட்டால் பத்து பிழைக்குதே."

"பிழைச்சால் முதலிலையிருந்து."

நான் முதலிலிருந்தே இருந்தேன். ஏழுக்கு மேல் போனது குறைவு. ஏழில் ஏதோ ஒரு கதவு இருந்தது. அங்கே போனதும் வீடு திடீரென்று அமைதியாகிவிடும். அந்த அமைதியில் யாரோ கூப்பிடப் போவதுபோல இருக்கும். நான் எழும்பிப் போய்ப் பயற்றைக் கிளறுவேன்.

என் மச்சாள் பூரணம் இதையெல்லாம் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் ஏசினாள். அவள் என் கணவரின் அக்கா. தீட்சை கேட்டவள், உருத்திராட்ச மாலை இடுப்பில் செருகியபடியே இருக்கும்.

"மூச்சை எண்ணுறாவாம் மூச்சை! செத்தால் நிக்கிறதை எண்ணி என்ன காணப்போறாய்? ஐஞ்செழுத்தைச் சொல். நாக்குக்கு ஒரு வேலை, விரலுக்கு ஒரு வேலை. மனம் எங்கை போறது?"

"மச்சாள், அங்கை கையை ஆட்ட விடமாட்டினம்."

"மனசுக்குள்ளை மாலையை உருட்டு. இஞ்சை, என்னைப் பார்." கண்ணை மூடிக்கொண்டாள். "சிவாயநம, சிவாயநம, சிவாயநம... உந்தக் கோழி மிளகாயைக் கொத்துது, கலை அருமை... சிவாயநம, சிவாயநம... அந்தப் பக்கத்தாலை இல்லை, இந்தப் பக்கத்தாலை கலை... சிவாயநம."

என் மச்சாளின் மனம் கோழியிடம் போய்த் திரும்பிவந்து, விட்ட மணியிலேயே உட்கார்ந்தது. அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். என் மனம் போனால் திரும்பி வராது. அல்லது திரும்பி வரும் வழியில் வேண்டாத வீடு ஒன்று இருந்தது.

தம்பிஐயா அண்ணையின் கொப்பியில் மூன்றாம் வழியும் இருந்தது. நெஞ்சுக்குள் ஒரு தாமரை. அந்தத் தாமரையில் உனக்குப் பிடித்த மூர்த்தி. அந்த உருவத்தைக் கால் நகத்திலிருந்து மெல்ல மேலே பார்த்து வர வேண்டும். நான் முருகனை நினைத்தேன். சின்னப் பாதம் வந்தது. சின்ன விரல்கள் வந்தன. கொலுசு வந்தது. கொலுசுக்கு மேலே முழங்காலில் காய்ந்த புண் ஒன்று வந்தது. முருகனுக்கு முழங்காலில் புண் இல்லை.

அன்று முற்றத்துக்குப் போய், பெருக்கிய முற்றத்தைத் திரும்பவும் பெருக்கினேன்.

*

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். குணலட்சுமி. குணம் என்று கூப்பிடுவோம். நாலு வயதில், பதின்மூன்று வருஷத்துக்கு முன், ஒரு சித்திரையில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். என் கணவருக்குத் தெரிந்ததும் இவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த மழை நாளில் அவள் உள்ளறையில் காய்ச்சலோடு கிடந்தாள். நானும் அவரும் முற்றத்தில் இலை அள்ளிக்கொண்டிருந்தோம். அவள் கூப்பிட்டாள். நான் பிந்திப் போனேன். இதற்கு மேல் நான் நினைப்பதில்லை. நினைக்க நேரம் வைப்பதில்லை. விடியற்புறம் தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போவேன், வந்து சமைப்பேன், தென்னோலைக் கிடுகு பின்னுவேன், நெல் அவிப்பேன், ஒன்றும் இல்லாவிட்டால் பெட்டகத்தில் மடித்து வைத்த சீலைகளை எடுத்து உதறித் திரும்ப மடிப்பேன். "அருமையின்ரை கை சும்மா இராது," என்று ஊரில் புகழுவார்கள். பதின்மூன்று வருஷம் அந்தப் புகழைச் சாப்பிட்டுக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அன்று மழை விழுந்தபோது நான் இலைக்காக எழும்பவில்லை. எனக்கு அது எழும்பும்போதே தெரியும்.

நாற்பது நாள் கிடந்து பழகியும் என்னுடைய ஆகக்கூடிய கணக்கு இருபத்தொரு நிமிஷம். நாலாம் வழி என் கணவருடையது.

"கையையும் காலையும் கட்டிலோடை கட்டிவிடச் சொல்லுவம். சீலைத் துண்டாலை. நோகாது."

"என்னை என்ன ஆடு எண்டு நினைச்சியளோ?"

"ஆடு எண்டால் குழை போட்டால் நிக்கும்," என்றார். பிறகு, "கண் போனால் என்ன செய்யப்போறாய் அருமை?" என்று தணிந்து கேட்டார். அவர் கேட்டது என்னைத்தான் என்றாலும், முகம் தோட்டத்தின் பக்கம் இருந்தது.

*

ஆவணியில் கண்ணை வெட்டியது எனக்கு நோகவில்லை. பிறகுதான் நொந்தது. மருந்து வாசமும், தூரத்தில் சைக்கிள் மணியும், மாதாகோயில் மணியும். அவற்றை வைத்து நேரத்தைக் கணித்தேன். காதுக்கு இரு பக்கமும் மணல் பை. இது கோயில் மணல் இல்லை. கடல் வாசம் இருந்தது.

"அம்மா, என்னை ஞாபகமிருக்கோ?" யசிந்தா மிஸியின் குரல். பாசையூர்ப் பெண். குரலே ஓடிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். "இந்தமுறை மழை வந்தால் நான் போய் இலை அள்ளுறன். நீங்கள் கிடவுங்கோ."

"சிரிக்க வையாதையுங்கோ மிஸி."

"சிரிக்கக்கூடாது, சரி. உடம்பை இப்பிடி இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கிடந்தால் நாளைக்கே முறிஞ்சுபோவியள். கேளுங்கோ. கால் பெருவிரலிலை தொடங்குங்கோ. அதைத் தளர விடுங்கோ. பிறகு மற்ற விரல். பிறகு கணுக்கால். நான் விடிய விடிய நிண்டு வேலை செய்திட்டுப் போய்க் கிடக்கேக்கை இப்பிடித்தான். இடுப்புக்கு வரமுந்தி நித்திரை வந்திடும்."

முதல் நாள் அது உதவியது. இரண்டாம் நாளும் கொஞ்சம். மூன்றாம் நாள், கால் பெருவிரலில் தொடங்கி முழங்காலுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். என் முழங்கால் இல்லை அது. காய்ந்த புண் இருந்தது.

ஐந்தெழுத்தைச் சொன்னேன். மூச்சை எண்ணினேன். கட்டிய கண்ணுக்குள் ஐந்து சுடரையும் ஏற்றிப் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் நிற்கிறது தள்ளிக்கொண்டேயிருந்தது. கழுத்து நரம்பு இழுத்துப்பிடித்தது. "ஏன் அம்மா பல்லை நெரிக்கிறியள்?" என்று மிஸி கேட்டாள்.

என் கணவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் பஸ்சில் வந்தார். கட்டிலடி மரவாங்கில் உட்காருவார், எழும்புவார், யன்னலுக்குப் போவார், திரும்பி வருவார். "வெங்காயத்துக்கு இண்டைக்குத் தண்ணி மாறினது," என்பார். "நீ இல்லாமல் ரெண்டு பாத்தி உடைஞ்சு போச்சு. அந்தப் பெடியனுக்கு வாய்க்கால் கட்டத் தெரியாது. மறிச்சுப்போட்டு நிக்கிறான்."

அவர் போன பிறகு அந்த இரண்டு பாத்திகளைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவர் துலா மிதிக்க, பட்டையிலிருந்து விழும் தண்ணீர் வாய்க்காலில் ஓடிவரும். அதை ஒவ்வொரு பாத்தியாகத் திருப்புவது என் வேலை. பார்வை மங்கிய பிறகும் நான்தான் செய்தேன்; வெறுங்காலால் செய்தேன். பாத்திக் கடைசியில் நிற்பேன். குளிர்ந்த தண்ணீர் விரலைத் தொட்டதும் அது நிறைந்துவிட்டது என்று தெரியும். மண்ணால் அதன் வாயைக் கட்டுவேன், அடுத்ததன் வாயை வெட்டுவேன். தண்ணீரை நிறுத்த யாரும் நினைப்பதில்லை. நிறுத்தினால் வரம்பு உடையும். வருகிறது வந்துகொண்டேயிருக்கும்; அதற்கு ஒரு பாத்தியைக் காட்ட வேண்டும், நிறையும் வரை பக்கத்தில் நிற்க வேண்டும். காலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் எனக்கு மூக்கு கடிப்பதில்லை, குதிக்கால் கடிப்பதில்லை. அதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

இதையெல்லாம் விளங்கிக்கொண்டு நான் ஒன்றும் செய்யவில்லை. பாத்திகள் உடைந்தது மனதில் உறுத்தியதால் அவற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அவ்வளவுதான்.

ஆறாம் நாள் மத்தியானம், அடுத்த கட்டில் கமலாவதியைப் புண்ணுக்கு மருந்து கட்டக் கொண்டுபோயிருந்தார்கள். அவள் வல்வெட்டித்துறைப் பெண். காலில் ஏதோ வெட்டு. அவளைப் பார்க்கப் புருஷனும் ஒரு சின்னப் பெண் பிள்ளையும் வந்திருந்தார்கள். புருஷன் வெளியே யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். வாட்டு அமைதியாக இருந்தது. வெயில் தகரத்தை முறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா," என்று விறாந்தையிலிருந்து பிள்ளை கூப்பிட்டது.

யாரும் பதில் சொல்லவில்லை.

"அம்மா... இஞ்சை வாவன்."

என் இரண்டு கையும் கட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டன. நான் பிடிக்கச் சொல்லவில்லை. பிடரி மெத்தையை விட்டு எழும்பியது. எவ்வளவு என்று தெரியாது. ஒரு வெங்காயத் தோலளவு இருக்கலாம். கண்ணுக்குள் ஏதோ இழுத்தது. இதுதான், இப்போது போகப்போகிறது என்று தெரிந்தது. தெரிந்தும் கழுத்து இறங்கவில்லை. மிஸியைக் கூப்பிட வாய் திறக்கக்கூடாது. ஐந்தெழுத்தில் முதல் எழுத்துக்கூட வரவில்லை.

"அம்மா!"

மறிக்க இனி என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. கால் விரல்கள் போர்வைக்கு வெளியே இருந்தன. அவற்றில் குளிர் பட்டது. காற்றாக இருக்கலாம். நான் பாத்திக் கடைசியில் போய் நின்றேன். சரி, வா, என்றேன்.

மழை விழுகிறது. இலையைப் பிடி என்று என் கணவர் கத்துகிறார். நான் இலையை அள்ளுகிறேன். உள்ளிருந்து குணம் கூப்பிடுகிறாள். "பொறு, வாறன்." அந்தப் பாத்தி நிறையும் வரை நின்றேன். நிறைந்ததும் கட்டினேன். அடுத்ததை வெட்டினேன். இரண்டாந்தரம் கூப்பிடுகிறாள். என் தலையில் கிடுகு. "வாறன் எண்டு சொன்னனான்தானே!" எரிச்சலோடு சொல்கிறேன். அந்த எரிச்சலையும் நிறைய விட்டேன். அது நிறைய நெடுநேரம் எடுத்தது. பிறகு கட்டினேன். அடுத்தது. மூன்றாந்தரம் கூப்பிடுகிறாள், குரல் சின்னது. அடுத்தது. சத்தம் இல்லை. நான் இலையைத் தாவாரத்துக்குள் அடுக்குகிறேன். அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அங்கிருந்துதான் நான் பதின்மூன்று வருஷமாகத் திரும்பி ஓடிவந்தது. இந்த முறை கால் மண்ணுக்குள் புதைந்து நின்றது. தண்ணீர் வந்தது.

அவள் கூப்பிடுவதை நிறுத்தியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்பாடா, நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்து, மிச்ச இலையை வடிவாக, அவசரமில்லாமல், நுனி மடியாமல் அடுக்கினேன். சீலைத் தலைப்பைப் பிழிந்தேன். பிறகுதான் உள்ளே போனேன். அவளுக்கு வலிப்பு வந்து, கண் மேலே செருகியிருந்தது. விடிய முன் முடிந்துவிட்டது.

அந்தப் பாத்தியும் நிறைந்தது. நான் நினைத்ததுபோல வரம்பு உடையவில்லை. கட்ட மனம் வரவில்லை. கொஞ்சம் வழிய விட்டேன். பிறகு கட்டினேன். அடுத்ததில் என்ன இருந்தது என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. காய்ந்த மண்.

எப்போது என் பிடரி மெத்தைக்கு இறங்கியது என்று தெரியவில்லை. கை விரல்கள் இரும்பை விட்டிருந்தன.

யசிந்தா மிஸியின் காலடி ஓடிவந்தது. "என்ன பிள்ளை, ஏன் கத்துறாய்? அம்மா இப்ப வருவா." பிறகு என் பக்கம் வந்து சிரித்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்டுமில்லை அம்மா. வேலிக்கரையிலை கொய்யாப்பழம் விழுந்து கிடக்காம். அதைக் காட்டக் கூப்பிட்டதாம்."

கொய்யாப்பழம். நான் சிரிக்கவில்லை, அழவுமில்லை. இரண்டுமே கூடாது.

*

அன்று பின்னேரம் அவர் வந்து வாங்கில் உட்கார்ந்தார். வெங்காயத்தைப் பற்றித் தொடங்கினார். தாடை ஆடாதபடி, உதட்டால் மட்டும் சொன்னேன்.

"முந்தி நான் எழும்பினது இலைக்கு இல்லை."

"கதையாதை."

"குணம் கூப்பிட்டது கேட்டது. அதுதான் எழும்பினனான்." பிறகு மிச்சத்தையும் சொன்னேன். மூன்று தரம் கூப்பிட்டதை. நின்றபோது ஆறுதலாக இருந்ததை. ஒரு சொல், பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஒரு சொல்.

வாங்கு கிரீச்சிட்டது. அவர் எழும்பிவிட்டார். யன்னல் பக்கம் போன காலடி கேட்டது. திரும்பி வரும் காலடி நெடுநேரம் கேட்கவில்லை. என் கண்ணுக்கு மேலே துணி இருந்தபடியால் அவர் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் சொன்னேனோ என்னவோ.

"தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டார்.

"ஓம்."

கோப்பையின் மூக்கு என் உதட்டில் தட்டியது. தண்ணீர் கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. மிஸி வந்தால் ஏசுவாள் என்று அவசரமாகச் சால்வையால் துடைத்தார். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வெங்காயம், பஸ், பூரணத்தின் கோழி. வேறு ஒன்றும் கதைக்கவில்லை.

மற்ற நாட்கள் இலேசாகப் போயின என்று சொல்லமாட்டேன். எட்டாம் நாள் முழுக்க முதுகு கடித்தது. ஒன்பதாம் நாள் காரணமில்லாமல் தம்பிஐயா அண்ணையோடு மனதுக்குள் சண்டை போட்டேன். குணம் வந்தாள், போனாள். வந்தபோது பாத்தியைக் காட்டினேன். ஒரு தரம் வெறும் கொலுசோடு, காய்ச்சல் இல்லாமல் வந்து, கத்தரிச் செடியிலிருந்து பூவைப் பிய்த்தாள். அப்படி ஒன்று நடந்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

பத்தாம் நாள் காலை கட்டை அவிழ்த்தார்கள். வெளிச்சம் அடித்தது. பால் கலந்த தண்ணீருக்குள் இருப்பதுபோல எல்லாம் கலங்கியிருந்தது. கண்ணாடி போட்ட பிறகுதான் உருவங்கள் தெளியும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். டாக்குத்தர் கையை நீட்டினார்.

"எத்தினை விரல்?"

பார்த்தேன். அஞ்சாகத் தெரியுமோ என்று பயந்தேன்.

"மூண்டு."

"ஓம். மூண்டுதான்." யசிந்தா மிஸி கையைத் தட்டினாள்.

வீட்டுக்குப் போக வண்டில் வரும் வரை விறாந்தை வாங்கில் இருந்தோம். பக்கத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது; அவர் சால்வை. அதற்கு மேலே மண்ணிறமாக ஒன்று, முகம். அவ்வளவுதான் தெரிந்தது. அவ்வளவும் தெரிந்தது.

"தம்பிஐயா அண்ணை கேப்பார்," என்றார். "எந்த வழியிலை கிடந்தனி எண்டு. கொப்பியிலை எழுதவாம்."

"அவரின்ரை கொப்பியிலை அது இல்லை."

வேலிக்கரைக் கொய்யா மரத்தின் பச்சை அசைந்தது. ஒரு பஸ் போனது. பிறகு, அந்த மண்ணிறம் கீழே குனிய, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிக் கேட்பதுபோல அவர் கேட்டார்:

"அண்டைக்கு, இலையைப் பிடி இலையைப் பிடி எண்டு கத்தினது ஆர், அருமை?"

அது எனக்கு வந்த தண்ணீர் இல்லை. பக்கத்தில் நிற்க மட்டும்தான் என்னால் முடியும்.

அவருடைய முழங்கால் ஆடத் தொடங்கியது. வாங்கு ஆடியது. என் தலையும் கூட மெல்ல ஆடியது. நான் அதை நிறுத்தச் சொல்லவில்லை. வண்டில் மணிச் சத்தம் தூரத்தில் கேட்கும் வரை அந்த ஆட்டத்திலேயே அசையாமல் இருந்தேன்.